கல்படுக்கைப் பாசி

ஒரின்ஷாவும் அக்மராலும் ஒரே முற்றத்தில் இருந்துகொண்டு ஒருவரோடு ஒருவர் பேசாமல் ஆறு மாதம் ஆகியிருந்தது. பேசவில்லை என்றால் வாயைத் தைத்துக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை. அலா என்ற புள்ளிப் பசுவிடம் பேசினார்கள். ஓரகத்திகள் இருவரும் அதன் இரண்டு பக்கமும் நின்று சொல்ல வேண்டியதை அதனிடம் சொல்வார்கள். கூக்தெரெக் ஊரிலேயே அதிக விஷயம் தெரிந்த ஜீவன் அந்தப் பசுதான் என்று ஊரில் கேலி இருந்தது.

சண்டைக்குக் காரணம் வீடு. அந்தப் பக்கத்துக் கசாக்குகளில் மூத்த பையன்கள் கல்யாணமாகித் தனிவீடு போவார்கள். அப்பன் வீடும் அடுப்பும் கடைசிப் பையனுக்கு. எல்லா வீட்டிலும் அப்படித்தான். இந்த வீட்டில் மட்டும் மூத்தவன் தொக்தாரும் அவன் மனைவி ஒரின்ஷாவும் பெரிய வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். மாமியார் ஆறு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது பீ, மூத்திரம் அள்ளியவள் ஒரின்ஷா. மாமியார் போன பிறகு அவளை யாரும் கிளம்பு என்று சொல்லவில்லை, அவளும் கிளம்பவில்லை. அப்புறம் இளையவன் ஜானிபெக் அக்மராலைக் கட்டிக்கொண்டு வந்தான். அவள் சத்தமாகச் சிரிக்கிறவள். வசந்தத்தில் ஒருநாள், நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "அவங்களே இருக்கட்டும், நாங்க பக்கத்துல ஒண்ணு கட்டிக்கறோம்" என்று சொல்லிவிட்டாள். எவ்வளவு பெரிய மனசு என்று ஊரெல்லாம் ஒரே பாராட்டு. பாராட்டு வளர வளர ஒரின்ஷாவுக்கு வயிறு எரிந்தது. தன் உழைப்பில் சம்பாதித்த கூரையைத் தனக்கே பிச்சை போட்டுவிட்டாளே என்று நினைத்தாள். அன்றைக்குப் பேச்சு நின்றது.

புது வீடு முற்றத்தின் மறுபக்கத்தில், பத்துப் பதினைந்து அடி தள்ளி எழும்பியது. மரம் இழைக்கிறவர் ஃபெதோத், மார்புவரை தாடி வைத்த ருஷ்யக் கிழவர். கசாக்கு பேச ஆரம்பித்தால் கசாக்குகளே வாய் பார்ப்பார்கள். மரத்தடிமேல் மரத்தடியாகச் சுவரை அவர் அடுக்குவார். ஒவ்வொரு தடிக்கும் நடுவில் காட்டுப்பாசியைப் படுக்கை போல விரிப்பது பெண்கள் வேலை. ஈரம் அதிகமானால் பாசி அழுகும், ரொம்பக் காய்ந்தால் பொடியாகும். கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டாமல் கை மட்டும் குளிர வேண்டும். தடியின் கனத்தில் அது அமுங்கி, சுவரோடு சுவராக ஆகிவிடும். ஒரின்ஷா பதினெட்டு வருடத்துக்கு முன்னால் பெரிய வீட்டின் தென்சுவருக்கு வைத்த பாசி இன்னும் அசையவில்லை. ஊரில் அவள் கைக்கு ஒரு பெயர் இருந்தது.

செப்டம்பர் கடைசியில் மேலே இரண்டு வரிசை பாக்கி நிற்கும்போது பாசி தீர்ந்துபோனது. நாற்பது நாளாக மழை இல்லாத வருடம் அது.

காலையில் ஒரின்ஷா பால் கறக்கும்போது அக்மரால் பசுவின் கழுத்தைச் சொறிந்துகொண்டே ஆரம்பித்தாள்.

"அலா, உனக்குத் தெரியுமா, ரெண்டு வரிசைக்குப் பாசி பத்தலையாம். ஃபெதோத் தாத்தா கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. நீளமா, மெத்துனு இருக்கற பாசி எங்கடி இருக்கும்? உனக்குத் தெரிஞ்சா சொல்லேன்."

ஒரின்ஷா காம்பை விடவில்லை. நீளமான பாசி எங்கே இருக்கிறது என்று அவளைத் தவிர யாருக்குத் தெரியும்? கால் மணி நடை. ஓடைக்குப் பின்னால், விழுந்த கேதுரு மரத்தைத் தாண்டி, நிழலில் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. அதன் அடியிலிருந்துதான் இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் தருகிற ஊற்று கசிந்தது. நாற்பது நாள் வெயிலிலும் அது நிற்கவில்லை என்றால் மேலே பாசி பிடித்து வைத்திருக்கும் ஈரம்தான் காரணம். வருடத்துக்கு ஒரு சாண் அகலப் பட்டையாக அறுத்து, பக்கத்தில் இரண்டு சாண் விட்டுவைப்பாள். விட்டது இரண்டு பக்கத்திலிருந்தும் நகர்ந்து வந்து நாலைந்து வருடத்தில் மூடிக்கொள்ளும். காளான் பறிக்கிறவர்கள் தங்கள் இடத்தை ஒளிப்பதுபோல அந்த இடத்தை அவள் ஒளித்து வைத்திருந்தாள்.

"அலா, தேடறவங்களுக்குச் சொல்லு" என்றாள். "எரிஞ்ச மேட்டைத் தாண்டி வடக்குச் சரிவுல எறங்குனா வண்டி வண்டியாக் கெடக்கு. கால்ல தெம்பு இருக்கறவங்க போவாங்க."

அக்மரால் உடனே போகவில்லை. இன்னும் ஏதோ வரும் என்பதுபோல நின்றாள். பிறகு, "சரி அலா, உன் எசமானிக்கு நன்றி சொல்லிடு" என்று வாளியைத் தூக்கினாள்.

ஒரின்ஷா பொய் சொல்லவில்லை. வடக்குச் சரிவில் பாசி வண்டி வண்டியாகத்தான் கிடந்தது. ஆனால் அது மண்மேல் கிடக்கவில்லை. அந்த இடத்துக்குக் கல்படுக்கை என்று பெயர். ஆடு அளவு, குதிரை அளவுக் கற்கள் என்றைக்கோ உருண்டு வந்து குவிந்து, இடையில் ஆள் இறங்கும் குழிகளோடு கிடக்கின்றன. அவ்வளவுக்கும் மேலே பாசி ஒரே விரிப்பாக விரிந்து, எது கல், எது குழி என்று தெரியாமல் மூடியிருக்கும். கல்யாணமான வருடம் ஒரின்ஷாவே அதில் இடுப்புவரை இறங்கியிருக்கிறாள். அதைத்தான் அவள் சொல்லாமல் விட்டாள். காலைத் தூக்கித் தூக்கி வைத்துக் கொஞ்சம் அல்லாடட்டும், முட்டியில் இரண்டு சிராய்ப்போடு வரட்டும் என்று மட்டும்தான் நினைத்தாள். அதற்குமேல் நினைக்கவில்லை என்று பிறகு எத்தனையோ முறை தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டாள்.

அக்மரால் சாக்கை மடித்து இடுப்பில் கட்டி, ஒரு துண்டு ரொட்டியும் நாலு உப்புத்தயிர் உருண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கட்டம் போட்ட அடிப்பாகம் உள்ள ரப்பர் பூட்சில் கிளம்பினாள். மத்தியானம்வரை ஒரின்ஷா வெண்ணெய் கடைந்தாள். கடைந்ததைவிட வாசலைப் பார்த்தது அதிகம்.

ஃபெதோத் தடிமேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். "ஏம்மா ஒரின்ஷா, சும்மாதானே இருக்கே, அந்த மூலையில பாசி பிதுங்குது. வந்து ஒரு குத்து குத்திவிடேன்."

"எனக்கு வேற வேலை இல்லையா?"

"ஏன் இல்ல? ஜன்னல் வழியா எட்டிப் பாக்கற வேலை இருக்கே."

"உங்க தாடிக்குள்ள தேனீ பூந்திருக்கான்னு பாத்தேன்."

"பூந்தா நல்லது. குளிர்காலத்துக்குத் தேன் ஆச்சு" என்று கிழவர் சிரித்தார். ஒரின்ஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பொழுது சாயும்வரை அக்மரால் வரவில்லை. ஜானிபெக்கும் தொக்தாரும் எரிந்த மேடுவரை போய்க் குரல் கொடுத்துவிட்டு இருட்டியதும் திரும்பினார்கள். அன்றிரவு யாரும் கண்ணை மூடவில்லை என்பதோடு விட்டுவிடலாம்.

விடியும்போது மேற்கே மேகம் கன்றிப்போய் நின்றது. எல்லாரும் நாற்பது நாளாகக் கேட்ட மழை. இப்போது யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. புழுதியில் பதிந்த தடம் போய்விடும். அடிபட்டுக் கிடக்கிறவள் நனைந்தால் இந்தக் குளிரில் தாங்கமாட்டாள்.

தொக்தார் சேணத்தை இறுக்கினான். "தம்பி, நீ கொட்டை பொறுக்கறவங்க குடிசைப் பக்கம் போ. பயந்துபோய் அங்க ஒதுங்கியிருப்பா. நான் மேட்டுப் பாதையைப் பாக்கறேன்."

"அங்க இல்ல" என்றாள் ஒரின்ஷா.

மூன்று ஆண்களும் திரும்பினார்கள்.

"கல்படுக்கைக்குப் போயிருக்கா. நான்தான் சொன்னேன்."

"கல்படுக்கைக்கா?" தொக்தாருக்கு முதலில் புரியவில்லை. "அங்க எதுக்குப் பொம்பளை போவா? ஆடுகூட எறங்காதே."

ஜானிபெக் அவள் அருகில் வந்தான். அவன் கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அண்ணி, குழி இருக்கும்னு சொன்னீங்களா?"

"சொல்லல."

"மறந்துட்டீங்களா?"

மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூன்று பேரும் நம்பியிருப்பார்கள். நம்ப ஆசையாகவும் இருந்தார்கள்.

"இல்லப்பா. மறக்கல" என்றாள்.

தொக்தாரின் சாட்டைக் கை மேலே போனது. ஃபெதோத் அதைப் பிடித்துக் கீழே இறக்கினார். "அதுக்கெல்லாம் அப்புறம் நேரம் இருக்கு. எடம் தெரிஞ்சவ அவதான். முன்னாடி நடக்கட்டும்."

நடந்தார்கள். பாதையின் புழுதியில் ரப்பர் பூட்சின் கட்டங்கள் தெளிவாக இருந்தன. எரிந்த மேட்டில் காடு வெந்து இருபது வருடம் ஆகியிருந்தது. சாம்பல்மேல் முதலில் பாசிதான் வந்தது. அதன் ஈரத்தில் எங்கிருந்தோ பறந்து வந்த விதைகள் ஊன்றி, இப்போது மார்பளவுக்கு ஊசியிலைக் கன்றுகள் நின்றன. கன்றுகளுக்கு நடுவே கட்டங்கள் நேராகப் போயின. ஓரிடத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றிருக்கிறாள். ஜானிபெக் அந்தத் துணுக்குகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். 

மேட்டைத் தாண்டி வடக்குச் சரிவு ஆரம்பிக்கும் இடத்தில் தடம் நின்றுவிட்டது. அங்கிருந்து கீழே கண்ணுக்கு எட்டியவரை மரமும் பாசியும்தான். நாற்பது நாள் காய்ந்த பாசி செத்த நிறத்தில், கிழட்டு ஒட்டக ரோமம்போலக் கிடந்தது. மிதித்த இடமும் மிதிக்காத இடமும் ஒரே பழுப்பு. கால் வைத்தால் காய்ந்த ரொட்டித் தோல்போல நொறுங்கியது. நாலு மரம் தள்ளி நின்று கூப்பிட்டால் சத்தம் பாதி தூரத்திலேயே அமுங்கிப்போனது. பாசி ஓசையையும் குடித்துவிடும். கழியால் குத்திக் குத்தி அடி அடியாக இறங்கினார்கள். சரிவின் அகலத்தைப் பார்த்தால் இப்படித் தேட நாலு நாள் ஆகும்.

மத்தியானத்துக்கு முன்னாலேயே மழை பிடித்துக்கொண்டது. ஒரு பெரிய கேதுருவின் அடியில் நாலு பேரும் ஒண்டினார்கள்.

"போச்சு" என்றான் தொக்தார். "இருந்த தடமும் கரைஞ்சுபோச்சு."

ஜானிபெக் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். ஒரின்ஷாவுக்கு அவன் முதுகைத் தொட வேண்டும்போல் இருந்தது. தொட அவளுக்கு என்ன உரிமை? அல்லாவே, அவளைக் கொடுத்துவிடு, என்னை என்ன வேண்டுமானாலும் செய் என்று உள்ளுக்குள் முனகினாள். அக்மரால் கிடைக்காவிட்டால் இனி அந்தப் பெரிய வீட்டில் ஒரு வாய் டீ தொண்டையில் இறங்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

மழை ஒரே சீராகப் பெய்தது. காற்று இல்லை. கொஞ்ச நேரத்தில் காட்டுக்குள் ஏதோ மெல்ல நெறிபடுகிற சத்தம் கேட்டது, ஆயிரம் பேர் தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல. பாசி விழித்துக்கொண்டிருந்தது. சுருண்டு கிடந்த இலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. அவள் கால்மாட்டில் இருந்த பழுப்பு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளாகி, பச்சையாகி, உப்பி எழுந்தது. கல்லின்மேல், வேரின்மேல், விழுந்த மரத்தின்மேல் என்று பச்சை சரிவில் இறங்கிக்கொண்டே போனது. மரங்களுக்கு நடுவே வெளிச்சமே பச்சையாக மாறியது. கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறோமோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. நாற்பது நாள் செத்துக் கிடந்தது ஒரு மணி நேரத்தில் பிழைத்துவிட்டதே, ஒரு ராத்திரி கிடந்தவள் பிழைக்கமாட்டாளா என்று நினைத்தாள். நினைத்ததும் அழுகை வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, அவர்கள் யாரும் இறங்காத பக்கத்தில், பச்சைக்கு நடுவே ஒரு கறை தெரிந்தது. பழுப்பாக, ஒரு சாண் நீளத்தில். அதற்கு ஓரடி தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் மூன்றாவது.

"தம்பி" என்றாள் ஒரின்ஷா. "ஜானிபெக், எந்திரி. அங்க பாரு."

"என்ன?"

"எல்லாம் எந்திரிச்சிருச்சு. அவ மிதிச்சது மட்டும் எந்திரிக்கல. காஞ்சு கெடந்தப்ப மிதிச்சிருக்கா, தூள் தூளா போயிருக்கு. தூளு எப்படிப்பா நிமிரும்?"

ஃபெதோத் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார். "இது பூட்சுதான். நடங்க, நடங்க!"

பச்சைச் சரிவில் பழுப்புக் காலடிகள் எழுதி வைத்ததுபோல இறங்கிப் போயின. தொக்தார்கூட இப்போது மனைவிக்குப் பின்னால் நடந்தான். பாதி தூரத்தில் பாசி அறுத்த இடம் வந்தது. ஒரின்ஷா அங்கே ஒரு நொடி நின்றுவிட்டாள். ஒரு சாண் அகலப் பட்டை அறுத்திருந்தது. பக்கத்தில் இரண்டு சாண் விட்டிருந்தது. மறுபடி ஒரு சாண். ஆள் நடமாட்டமே இல்லாத காட்டில், யாரும் வந்து பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும், அப்படியே விட்டு விட்டு அறுத்திருந்தாள். அவளுக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. எங்கேயோ மறைந்து நின்று ஒரின்ஷாவின் கையைப் பார்த்திருக்கிறாள்.

அங்கிருந்து இருபதாவது காலடிக்கு அப்புறம் காலடி இல்லை. பாசி விரிப்பில் ஒரு கிழிசல் இருந்தது.

"அக்மரால்!"

ஆறு மாதத்துக்கு அப்புறம் அந்தப் பெயரை அவள் வாய் சொன்னது. கிழிசலுக்குள்ளிருந்து, கிணற்றுக்கடியிலிருந்து வருவதுபோல ஒரு குரல் வந்தது. "மெதுவா... ஓரத்துல கால் வைக்காதீங்க. எல்லாம் பொய்த்தரை."

இரண்டு கற்களுக்கு நடுவே இடது கால் முழங்காலுக்குக் கீழே சிக்கியிருந்தது. அறுத்த பாசியையெல்லாம் சட்டைக்குள்ளும், பாவாடைக்குள்ளும், பூட்சுக்குள்ளும் திணித்து, சாக்கைத் தலைவரை இழுத்துப் போர்த்தியிருந்தாள். மழை வந்ததும் குழி ஓரத்துப் பாசியைப் பிழிந்து பிழிந்து குடித்திருக்கிறாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கண் மட்டும் விளக்குபோல இருந்தது. ஃபெதோத் ஒரு மரத்தை வெட்டி நெம்பு போட, அண்ணன் தம்பி இருவரும் கல்லை அசைக்க, ஒரின்ஷா குழிக்குள் இறங்கி அவளைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்தாள். கால் விடுபட்டதும் அக்மரால் போட்ட அலறல் பாசிக்குள் போய் அடங்கியது.

மேலே கொண்டுவந்து, காலுக்கு இரண்டு பக்கமும் குச்சி வைத்து, நடுவில் பாசி கொடுத்துக் கட்டினார்கள். ஆண்கள் தூக்கிப்போகக் கம்பு வெட்டப் போனார்கள்.

"அந்த எடத்துல கல்லு இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றாள் ஒரின்ஷா. "தெரிஞ்சேதான் சொல்லல."

"ராத்திரி முழுக்க அதைத்தான் யோசிச்சேன். தெரியாம இருக்குமான்னு."

"என்னைத் திட்டுடி."

"திட்ட சக்தி இல்ல. வீட்டுக்குப் போய்த் திட்டறேன்." அக்மரால் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "ஓடைக்குப் பின்னாடி இருக்கற பாசி எனக்குத் தெரியும் அக்கா. வந்த மொத வருஷமே பாத்துட்டேன்."

"தெரியுமா? அப்புறம் எதுக்குடி கேட்டே?"

"நீங்க சொல்வீங்களான்னுதான்."

"சொல்லியிருந்தா?"

"வீடு கட்டறதை நிறுத்தியிருப்பேன். எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே அந்த வீடு வேணாம். அவரு வேட்டைக்குப் போயிட்டா தனியாக் கெடக்கணுமேன்னு பயம். அன்னிக்கு டீ குடிக்கறப்ப வாய் தவறி வந்துருச்சு. எல்லாரும் பாராட்ட ஆரம்பிச்சதும் பின்வாங்க வெக்கமாப் போச்சு. நீங்க ஒரு வார்த்தை, 'போகாதே'ன்னு சொல்வீங்கன்னு பாத்தேன். நீங்க மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்க." அவள் ஒரின்ஷாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நேத்து இங்கேர்ந்து எவ்வளவு கத்தினேன் தெரியுமா? என் காதுக்கே கேக்கல."

ஒரின்ஷா ஈரப் பாசி ஒட்டியிருந்த அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஆண்கள் வரும்வரை பாசியை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

அக்மராலைப் பெரிய வீட்டின் அடுப்போரம் படுக்க வைத்தார்கள். மேல் இரண்டு வரிசைக்கு ஒரின்ஷாவே பாசி வைத்தாள், ஓடைக்குப் பின்னாலிருந்து கொண்டுவந்து. ஃபெதோத்துக்குச் சந்தோஷம், ஊரின் முதல் கை வேலை செய்கிறதே. ஆனால் முற்றத்துப் பக்கச் சுவருக்கு வந்ததும் அவர் புருவத்தைச் சுருக்கினார்.

"என்னம்மா, இங்க இவ்வளவு மெல்லிசா? கை வலிக்குதா?"

"இங்க இவ்வளவு போதும். நீங்க தடியை எறக்குங்க."

கிழவர் தாடியை உருவிக்கொண்டு தடியை இறக்கினார்.

முதல் பனி விழுந்த வாரம் புதுமனை புகும் நாள் வந்தது. ஊரே திரண்டு வந்தது. பெரிய வீட்டு அடுப்பிலிருந்து நெருப்பை ஒரு சட்டியில் எடுத்துப் போய்ப் புது அடுப்பில் போடுவது வழக்கம். ஒரின்ஷா அந்தச் சட்டியை எடுத்தாள். அவளுக்குப் பின்னால் தொக்தார் கதவைத் தாண்டி வெளியே கொண்டுவந்தது ஒரின்ஷாவின் சீதனப் பெட்டியை. அதற்குப் பின்னால் அவர்கள் படுக்கை.

அக்மரால் கம்பை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு நொண்டி நொண்டி வந்தாள். "அக்கா! என்ன பண்றீங்க? அது நாங்க கட்டின வீடு!"

"கட்டினது நீங்க. கடைசிப் பையன் இருக்க வேண்டிய வீடு இதுதான். உள்ள போ, குளிருது."

"தனியா இருக்க பயமா இருக்குன்னு சொன்னேனே அக்கா. கேக்காத மாதிரி போறீங்களே!"

"கேட்டுக்கிட்டுத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு ஒரின்ஷா நெருப்பு அணையாமல் நடந்தாள்.

வந்தவர்கள் உள்ளே நுழைந்து, அவர்களுக்கே உரிய முறையில், சுவரின் இடுக்குகளில் விரல் வைத்துப் பார்த்தார்கள். முற்றத்துப் பக்கச் சுவரில் பைசூனா என்ற நீள நாக்குக்காரி விரலை வைத்ததும் வெடுக்கென்று எடுத்தாள்.

"ஐயய்யோ, இந்தச் சுவர்ல ஊசிக் காத்து வருதே! யாரு வச்ச பாசி இது? ஒரின்ஷா வச்சதா? ஏண்டியம்மா, வயசாயிருச்சா உனக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். பதினெட்டு வருடம் சம்பாதித்த பெயர் ஒரு விரலில் போனது. ஒரின்ஷா எண்ணெயில் பொரித்த பாவுர்சாக் ரொட்டித் தட்டை நீட்டி, "வயசாகாம என்ன? எடுத்துக்கோ, ஆறிடும்" என்றாள்.

கூட்டம் கலைந்த பிறகு புது வீட்டு ஜன்னல் பக்கம் வந்து, கம்பை ஊன்றி நின்ற ஓரகத்தியிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள். "இந்தப் பக்கம் வேணும்னேதான் மெல்லிசா வச்சேன். கெட்டியா வச்சா சத்தம் கேக்காது. நீ உன் ஜன்னலோரப் படுக்கையில இருந்து கூப்பிடு, எனக்குக் கேக்கும்."

அந்த ஜனவரியில் ஆறு உறைந்து, அடுப்பு நிறைய விறகு எரிந்தும் அந்தச் சுவரோரம் சட்டித் தண்ணீர் பனிக்கட்டியாகிப்போனது. ஒரின்ஷா கம்பளிக் கோட்டைக் கழற்றாமல் அந்தச் சுவரைப் பார்த்துதான் படுத்தாள். ஜானிபெக் வேட்டைக்குப் போயிருந்த நாட்களில் அக்மரால் மூன்று முறை கூப்பிட்டாள். மூன்று முறையும் கேட்டது.